சேதுக்கரையில் உடைந்த மடை

உத்தமபாளையத்தை அடுத்த அந்த ஊரில் நீர்ப்பாய்ச்சி அம்மாவாசியை அறியாதவர் இல்லை. அவருக்குத் தம்மையே தெரியாமல் போகும் பொழுதுகள் வரத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும், அவருடைய மனைவி மொக்கம்மாளைத் தவிர, ஊரில் ஒருவரும் அறியார்.

வாய்க்காலில் வரும் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று முறை வைத்துப் பாய்ச்சுவதுதான் நீர்ப்பாய்ச்சியின் வேலை. அம்மாவாசி அந்த வேலையை நாற்பது ஆண்டுகள் செய்தார். நெல் பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் குறைந்துவிட்டால், உடன்பிறந்தவர்கள்கூட மண்வெட்டியும் கையுமாக எதிரெதிரே நிற்பார்கள். அம்மாவாசி வரப்பில் வந்து நின்று, "இன்னைக்கு மேல வயலு, நாளைக்குக் கீழ வயலு" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சிராது. சொந்த மைத்துனனின் பயிர் வாடியபோதும் முறையை மாற்றாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். ஒரு சென்ட் நிலமும் இல்லாத அந்தக் குடும்பத்துக்கு ஊரில் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

மொக்கம்மாள் மயிலாடும்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் மணமாகி வந்த மறுநாள், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவதையும், அதை ஒரு மனிதர் காலால் மண்ணைத் தள்ளித் திருப்பிவிடுவதையும் கண்டு வாயடைத்து நின்றாள். அந்த மனிதர் தன் கணவர் என்னும் பெருமை அவளுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் குறையவே இல்லை.

அதனால்தான் அவள் பொய் சொன்னாள். தேனியில் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன அன்றே, "அவுகளுக்குக் காது மந்தமாப் போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால், அவள் குனிந்து அவர் காதருகே அதை உரக்கத் திரும்பச் சொல்லுவாள். அவர் எதையோ முணுமுணுப்பார். அவள் நிமிர்ந்து தக்க விடையைச் சொல்லிவிடுவாள். காது கேளாதவரை ஊர் இரக்கத்தோடு பார்க்கும். புத்தி தடுமாறியவர் என்று தெரிந்தாலோ, அவர் நாற்பது ஆண்டுகள் சொன்ன சொல்லையெல்லாம் திருப்பிப் போட்டுப் பார்க்கும். அவளுடைய அச்சம் அதுதான்.

சென்ற தை மாதம் அந்தப் பொய் வரம்பு கடந்தது. வயல்காரன் முத்துராஜாவும் அவனுடைய சிற்றப்பா மகனும் யாருக்கு முறை என்று கேட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். வயதான பின்பும் இத்தகைய வழக்கு அம்மாவாசியிடந்தான் வரும். மொக்கம்மாள் வழக்கம்போல் அவர் காதருகே குனிந்தாள். "எருமை கரையேறிருச்சா?" என்றார் அவர். அவருடைய தாயார் வளர்த்த எருமை அது; செத்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். மொக்கம்மாள் நிமிர்ந்தாள். "முத்துராஜாவுக்கு நாளைக் கழிச்சுத்தான் முறைன்னு சொல்றாக" என்றாள். அவளாகவே விரல்விட்டுக் கணக்கிட்டுச் சொன்னது அது. முத்துராஜா மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டான். அந்த இரண்டு நாளில் அவன் வயலின் மேட்டுப்பகுதி காய்ந்து பதராகிப்போனதை அவள் பின்னர் கேள்விப்பட்டாள். கணக்குச் சரிதானா என்னும் ஐயம் அன்று முதல் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

பங்குனி மாதத்தில், அறுவடையெல்லாம் முடிந்த பிறகு, சுந்தர்ராஜ் ஊருக்கு வந்தார். இராயப்பன்பட்டிக்காரர், பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் ஊர் ஊராக ஆள் சேர்த்து, ஒரு பேருந்தை அமர்த்தி, ஒரே நாளில் போய்த் திரும்பும்படி பழைய கோயில்களையும் கடற்கரைகளையும் காட்டி, கதை சொல்லி அழைத்து வருவார். இந்த முறை உத்தரகோசமங்கை, சேதுக்கரை, திருப்புல்லாணி என்றார்.

சேதுக்கரை என்னும் இராமநாதபுரத்துக் கடற்கரையைச் சொன்னதும் மொக்கம்மாளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அம்மாவாசி பலமுறை சொல்லியிருக்கிறார்: "இம்புட்டுத் தண்ணியும் கடைசியில எங்கதான் போகுது? ஒரு நாளைக்குப் போய்ப் பாத்துப்புடணும்." ஆற்றுத் தண்ணீரெல்லாம் இராமநாதபுரத்துப் பக்கந்தான் போய்ச் சேருகிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடலைக் கடல் என்று அறியும் அறிவு அவருக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்குமோ? அவள் இரண்டு பேருக்குமாகப் பெயர் கொடுத்தாள்.

விடியுமுன் பேருந்து புறப்பட்டது. வழக்கப்படி பெண்கள் முன்பக்கமும் ஆண்கள் பின்பக்கமும் அமர்ந்தார்கள். கணவரைத் தன்னருகே இருத்திக்கொள்ள மொக்கம்மாளுக்கு ஆசைதான். இருத்தினால் ஊர் கேள்வி கேட்கும். பின்வாசலுக்குப் பக்கத்து இருக்கையில் அவரை உட்காரவைத்து, "நான் முன்னாலதான் இருக்கேன்" என்று காதில் சொல்லிவிட்டு வந்தாள். அவளருகே பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் உட்கார்ந்தாள். வாயாடி, ஆனால் ஆபத்துக்கு முதலில் ஓடி வருபவள்.

பேருந்து மதுரையைத் தாண்டியதும் சுந்தர்ராஜ் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பாண்டிய மன்னர்கள் செய்த திருப்பணிகளையும், சேதுபதிகள் கொடுத்த கொடைகளையும் பற்றி அவர் சொல்லச் சொல்ல, சந்தனம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் வாத்தியாரே, நீங்க மாதா கோயிலுக்குப் போறவுக. எங்க சாமி கதையெல்லாம் ஒங்களுக்கு எப்பிடி இம்புட்டு அத்துபடி?"

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் ஆத்தா மாதா கோயிலு. மத்த ஆறு நாளும் நான் எல்லாச் சாமிக்கும் பொதுவான ஆளு."

"அப்ப ஒரு சாமியும் ஒங்களைச் சொந்த ஆளுன்னு சொல்லாதே!"

பேருந்து முழுவதும் சிரித்தது. பின்பக்கத்திலிருந்து அம்மாவாசியின் சிரிப்பும் கேட்டது. மொக்கம்மாளின் நெஞ்சு கொஞ்சம் இளகிற்று.

சுந்தர்ராஜிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனிதர்களைத் தலை எண்ணினால் ஆகாது என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் உண்டு. ஆகவே, அவர் ஆட்களை எண்ணுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் இறங்கும்போது ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்குக் கொடுப்பார். திரும்பி ஏறுமுன் அதை அவர் கையிலுள்ள டப்பாவில் போட்டுவிட வேண்டும். கொடுத்த பாக்கு அத்தனையும் வந்து சேர்ந்தால் பேருந்து புறப்படும். பத்து ஆண்டுகளாக ஒருவரும் விடுபட்டதில்லை.

உத்தரகோசமங்கையில் இறங்கியபோது அம்மாவாசி அந்தப் பாக்கை வாயில் போட்டுக் கடித்துவிட்டார்.

"ஏய்யா, வெத்தலை இல்லாம வெறும் பாக்கா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் அதை அவருடைய குறும்பென்று எண்ணிச் சிரித்தார்கள். மொக்கம்மாளும் சிரித்தாள். சுந்தர்ராஜிடம் வேறொரு பாக்கை வாங்கித் தன் பாக்கோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவுகளுக்கும் சேத்து நானே போட்டுர்றேன் வாத்தியாரே. காதுதான் கேக்காதே, நீங்க கேட்டாலும் வெளங்காது." அதன் பிறகு இருவருக்குமான பாக்கு அவளிடமே இருந்தது.

அந்தக் கோயிலில் மரகதத்தால் ஆன நடராசர் இருக்கிறார் என்றும், ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் மூடியே இருப்பவரை மார்கழியில் ஒரே ஒரு நாள்தான் காப்புக் களைந்து காட்டுவார்கள் என்றும் சுந்தர்ராஜ் சொன்னார். மொக்கம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அங்கே நின்றாள். 'நீ மூடிக்கிட்டு இருந்தா ஊரே கும்பிடுது. இவுகளையும் அப்பிடியே மூடி வச்சுக் கொண்டுபோய்ச் சேத்துரு சாமி' என்று வேண்டிக்கொண்டாள்.

நண்பகல் உணவுக்குப் பிறகு பேருந்து சேதுக்கரைக்கு வந்தது. கடல் அலையில்லாமல் ஒரு பெரிய கண்மாயைப் போலக் கிடந்தது. அம்மாவாசி கரையிலேயே நின்றுவிட்டார். 

"கடலுங்க. பாக்கணும்னு சொன்னீகள்ல?" என்றாள் மொக்கம்மாள்.

"இதுக்குக் கரை எங்க புள்ள?" என்று கேட்டார் அவர்.

"அங்கிட்டு இருக்கும். நமக்குத் தெரியாது."

ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமுமாக நீராடினார்கள். முத்துராஜா தானாக வந்து, "நான் பாத்துக்கிர்றேன், நீங்க போங்க சின்னாத்தா" என்று அம்மாவாசியைக் கடலுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போனான். மொக்கம்மாள் குளித்து, துணி மாற்றி, கூந்தலைப் பிழிந்துகொண்டு திரும்பியபோது, ஈரத் துண்டைத் தலையில் போட்டிருந்த ஒருவர் முதுகைக் காட்டியபடி பின்வாசலில் ஏறுவது தெரிந்தது. அதே உயரம், அதே கூன். அவள் நிம்மதியாக முன்வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி ஏறிட்டாகளா?" என்று கேட்டார் சுந்தர்ராஜ்.

"பின்னால ஏறிட்டாக" என்று சொல்லி, முந்தானையை அவிழ்த்து இரண்டு பாக்கையும் டப்பாவில் போட்டாள்.

கணக்குச் சரியாக இருந்தது. பேருந்து புறப்பட்டது.

திருப்புல்லாணி அங்கிருந்து பக்கந்தான். கோயில் நடை திறக்கும் நேரம். பின்வாசலில் இறங்கியவர்களை மொக்கம்மாள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஈரத் துண்டுக்காரர் இறங்கினார். அவர் வேறு யாரோ. கடைசி ஆளும் இறங்கிய பிறகு அவள் உள்ளே ஏறிப் பார்த்தாள். பின்வாசலருகே அவருடைய இருக்கை வெறுமையாக இருந்தது.

அந்தக் கணத்தில் அவள் கத்தியிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவள் தன்னை மன்னிக்காமல் இருந்தது, இரண்டு பாக்குகளைப் போட்டதற்காக அல்ல. அந்தக் கணத்தில் கத்தாமல் இருந்ததற்காகவே.

"அண்ணன் எங்க மதினி?" என்று கேட்டாள் சந்தனம்மாள்.

"ஒதுங்கப் போயிருக்காக. வந்துருவாக. நீ முன்னால போ."

முத்துராஜாவிடம் மட்டும் மெல்லக் கேட்டாள்: "அவுக ஒங்கூடத்தானப்பா வந்தாக?"

"குளிச்சுக் கரையேறி, ஒங்ககிட்டப் போறேன்னுதான சொன்னாக" என்றான் அவன். "ஏன், காணோமா?"

"இல்லை, இல்லை. இங்கனதான் இருப்பாக."

எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஓர் ஆட்டோ பிடித்துத் தனியே போய் அழைத்து வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கையில் பணமும் இருந்தது. வீதியில் நின்று வண்டி தேடினாள். ஒன்றில் ஆள் நிறைந்திருந்தது, மற்றொன்று நிற்கவேயில்லை. கோயிலுக்குள்ளிருந்து சுந்தர்ராஜின் குரல் கேட்டது: கடலைக் கடக்க வழி கேட்டு இராமபிரான் தருப்பைப் புல்லில் படுத்துக் கிடந்த கதை. "மூணு நாளு காத்துக் கெடந்தாரு..." என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மொக்கம்மாள் வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். அரை மணி நேரம் கடந்தது. கரையில்லாத தண்ணீரின் ஓரத்தில் தனியே நிற்கும் ஓர் உருவம் அவள் கண்முன் தோன்றியது. அவர் எந்தத் தண்ணீரையும் கண்டு அஞ்சியதில்லை. இறங்கிவிடுவார்.

அவள் கோயிலுக்குள் ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுந்தர்ராஜின் முன் போய் நின்றாள்.

"வாத்தியாரே, அவுகளைக் கடக்கரையில விட்டுட்டு வந்துட்டோம்."

சுந்தர்ராஜ் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "பாக்கு சரியா இருந்துச்சே..." என்றவர், உடனே நிறுத்திக்கொண்டு எல்லோரையும் பேருந்துக்கு விரட்டினார். பேருந்து திரும்பியது. "பதறாதீக. ஒலிபெருக்கியில பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுவோம். காது கேக்காட்டியும் பக்கத்துல இருக்கவுக யாராச்சும் சொல்லுவாக" என்றார்.

அப்போதுதான் மொக்கம்மாள் எழுந்து, முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பினாள். நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவுக திரும்ப மாட்டாக" என்றாள். "காது நல்லாத்தான் கேக்கும். பேருதான் தெரியாது. ரெண்டு வருசமா அப்பிடித்தான் இருக்காக. நாந்தான் மறைச்சேன்."

 சந்தனம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"மடை ஒடைஞ்சிருச்சுன்னு சத்தம் போடுங்க" என்றாள் மொக்கம்மாள். "அதுக்குத் திரும்பிப் பாப்பாக."

சேதுக்கரையில் இறங்கிய ஆண்கள் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடினார்கள். "மடை ஒடைஞ்சிருச்சு! ஏலே, மடை ஒடைஞ்சிருச்சு!" என்னும் குரல் கடற்கரை நெடுகிலும் கேட்டது. பிற ஊர்களிலிருந்து வந்திருந்தவர்கள் ஒன்றும் விளங்காமல் வேடிக்கை பார்த்தார்கள். மொக்கம்மாளால் ஓட முடியவில்லை. மணலில் கால் புதையப் புதைய நடந்தாள்.

முதலில் கண்டவன் முத்துராஜாதான். கூட்டத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு சிறிய ஓடை கடலில் வந்து விழும் இடத்தில், அம்மாவாசி முழங்கால் அளவுத் தண்ணீரில் குனிந்து நின்றார். இரண்டு கைகளாலும் மணலை அள்ளி அள்ளி ஓடையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். அடைத்ததைத் தண்ணீர் கரைத்தது. அவர் மறுபடியும் அடைத்தார். குரல் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆளுக வர்றதுக்கு இம்புட்டு நேரமா? மம்பட்டி எங்க?" என்று அதட்டினார். "இங்கனதான்டா ஒடைஞ்சு கெடக்கு. இத்தனை வருசமும் நம்ம தண்ணியெல்லாம் இங்கனதான் வீணாப் போயிருக்கு. ஒருத்தனும் வந்து பாக்கலையே!"

 முத்துராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவனும் இரண்டு கை மணலை அள்ளிப் போட்டான். மொக்கம்மாள் வந்து சேர்ந்தபோது ஐந்தாறு பேர் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. "அடைச்சாச்சுய்யா, வாங்க" என்று முத்துராஜா சொன்ன பிறகே அவர் கரையேறினார். மொக்கம்மாளைப் பார்த்து, "நீ ஏன் புள்ள வயக்காட்டுக்கு வந்த? சோறு கொண்டாந்தியா?" என்று கேட்டார்.

"பஸ்ஸுல இருக்கு. வாங்க" என்றாள் அவள்.

திரும்பும்போது அவரை முன்பக்கத்திலேயே ஏற்றினார்கள். சந்தனம்மாள் தன் இடத்தை விட்டுக் கொடுத்துப் பின்னால் போனாள். பேருந்து இராமநாதபுரத்தைத் தாண்டியது. சுந்தர்ராஜ் ஒலிவாங்கியைத் தொடவில்லை. பெண்கள் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள்.

"பாவம், எப்பிடி இருந்த மனுசன்!"

"சட்டைப் பையில போன் நம்பரை எழுதி வைக்கணும் மதினி. இல்லைன்னா எங்கிட்டாவது போயிருவாக."

"கதவைச் சாத்தி வைக்கணும்."

அவர் அருகில் இருப்பதையே மறந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். நேற்று வரைக்கும் அவர் முன்னால் செருப்புப் போடத் தயங்கியவர்கள் அவர்கள். அம்மாவாசி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரம் கழித்து முத்துராஜா எழுந்து வந்து, மொக்கம்மாளின் இருக்கைக்கருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்பதற்கு அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"சின்னாத்தா, தப்பா நினைக்காதீக. போன தையில எனக்கு முறை சொன்னாகளே... அப்பவும் இப்பிடித்தான் இருந்தாகளா?"

 இரண்டு ஆண்டுகளாக அவள் எந்தக் கேள்விக்கு அஞ்சினாளோ அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஆமென்றால், இந்த ஒரு சொல்லோடு எல்லாச் சொல்லும் போகும். அதற்கு முந்திய ஆண்டு யாருக்கோ சொன்னது, பத்து ஆண்டுகளுக்கு முன் யாருக்கோ சொன்னது என்று ஒவ்வொருவரும் தத்தம் வயலை எண்ணிப் பார்க்கத் தொடங்குவார்கள். இல்லையென்று சொல்லவும் இனி வழியில்லை.

"அது அவுக சொன்னதில்லை" என்றாள் மொக்கம்மாள். "நான் சொன்னது. அவுக எருமையைப் பத்திக் கேட்டாக. நான் ஒன் முறையைச் சொன்னேன். ஒம்பயிரு காஞ்சது என்னாலதான். இந்த ரெண்டு வருசத்துல வீட்டு வாசல்ல சொன்னது எல்லாம் நான் சொன்னது. அதுக்கு முந்தி வரப்புல நின்னு சொன்னது அம்புட்டும் அவுக சொன்னது. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துராதீக. என்னை என்ன வேணாலும் பேசிக்கங்க."

முத்துராஜா அவளைப் பார்த்தான். பிறகு அம்மாவாசியைப் பார்த்தான். "சரி சின்னாத்தா" என்று மட்டும் சொன்னான். அந்தச் 'சரி'யின் பொருள் மன்னிப்பா, கணக்கு முடியவில்லை என்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். ஆண்கள் பக்கத்தில் யாரோ அவனிடம் ஏதோ கேட்டதும், அவன் தாழ்ந்த குரலில் விடை சொன்னதும் கேட்டன. சொற்கள் கேட்கவில்லை.

அம்மாவாசி உறங்கத் தொடங்கியிருந்தார். தலை சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. இத்தனை ஆண்டு மணவாழ்வில் அவர் பலர் பார்க்க அவள்மீது சாய்ந்தது அன்றுதான். அவளுக்கு முன்பெல்லாம் வந்திருக்கக்கூடிய வெட்கம் வரவில்லை. அவருடைய கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்களிலெல்லாம் கடல்மணல் அடைந்திருந்தது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி, அவர் விழித்துவிடாதபடி, ஒவ்வொரு விரலாக அந்த மணலை எடுக்கத் தொடங்கினாள். பேருந்து பரமக்குடிக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். இடக்கை முடிந்து, வலக்கையில் இரண்டு விரல்கள் முடிந்திருந்தன.